சோதனை ஓட்டம், அம்பை சாலை

வேன் கூரையில்
கவிழ்த்து வைத்த இட்லிக் கொப்பரை போல
ஒரு வெள்ளை மூடி.
தருவையில் டீ குடிக்க நிறுத்தினோம்.
ஐஸ் வண்டியா என்றார் ஒருவர்.
ஓட்டு கேக்கவா வந்திருக்கிய என்றார் இன்னொருவர்.
மூன்றாமவர் கேட்கவில்லை,
தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டு
ஏறித் தட்டினார்.
"கண்ணு பாக்குத வண்டி, வே. கைய எடும்"
ஸ்டீயரிங்கில் இருந்தபடியே ஆவுடையப்பன்.

மூடிக்குள் ஒரு தட்டு.
மாடிகளில் துருப்பிடிக்கிற டிவித் தட்டுகளுக்குக்
காது மட்டும்தான்.
இதற்கு வாயும் உண்டு.
கேட்கும்போது கொஞ்சம் பிசகினால் பாதகமில்லை.
பேசும்போது பிசகினால்
பக்கத்துச் செயற்கைக்கோளின் காதில் போய் விழும்,
அபராதம் வரும்.
பிசகின கணமே வாயை மூடிக்கொள் என்று
அதற்கு எழுதி வைத்திருக்கிறேன்.
எனக்கு யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை.
காலையில் வீட்டில் நடந்தது
அதனால்தான்.

மறுமுனையில், பாளையங்கோட்டை அறையில்
ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பது
ஜெபசிங். என் வீட்டுக்காரர்.
வேலை நேரத்தில் நான் அவருக்கு வண்டி நாலு.

"வண்டி நாலு, சிக்னல் சொல்லு."
சொன்னேன். அதே நேரம் அவரும் ஏதோ சொன்னார்.
இருவரும் நிறுத்தினோம்.
இருவரும் ஒன்றாகவே மறுபடி தொடங்கினோம்.
பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மனுஷன் பேச்சு
முப்பத்தாறாயிரம் ஏறி
முப்பத்தாறாயிரம் இறங்கி வருகிறது.
என் பதிலும் அந்த வழியே திரும்பிப் போகிறது.
எல்லாம் சேர்த்து அரை நொடி.
வீட்டில் அந்த அரை நொடி இருந்திருந்தால்
டம்ளர் உடைந்திருக்காது.

எங்கள் சீமையில் செயற்கைக்கோள்
ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல்.
அப்போ சுலபம்தானே என்பார்கள்.
தலைக்கு நேரே நிற்பதைத் தொடர்வதுதான் பெரும்பாடு.
கோபாலசமுத்திரம் விலக்கில் வேகத்தடை ஏறி
வண்டி லேசாகச் சரிந்ததற்கே
வடக்கு எது தெற்கு எது என்று தெரியாமல்
தட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது.
"ஏன் விழுந்துச்சு?"
"வேகத்தடை."
"சரி."
அரை நொடி.
"சாப்பிட்டியா?"
சோதனைப் படிவத்தில் இல்லாத கேள்வி.
"பன்னிரண்டு புள்ளி நாலு" என்றேன்.

சேரன்மகாதேவி தாண்டியதும் மருதங்கள்.
ஒவ்வோர் இலைக்குள்ளும் தண்ணீர்,
அந்தத் தண்ணீருக்கு அலையைக் குடிக்கிற பழக்கம்.
"காலைல நான்..."
மரம்.
"...உங்க அண்ணன் முன்னால..."
மரம், மரம், ஒரு பனை.
பனை பரவாயில்லை, ஒல்லி.
"...இனிமே..."
பிறகு நீளமாக மரம்.

"வேகமா போட்டா, மெதுவா போட்டா?"
கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி ஆவுடையப்பன்.
எப்படிப் போனாலும்
மரம் இருக்கிற தூரம் மரம் இருக்கும், அண்ணாச்சி.

அனுப்பிக்கொண்டிருந்த கண் படமும்
நடுவில் அறுந்து கிடந்தது.
அதைப் பற்றிக் கவலையில்லை.
விழுந்த துண்டின் எண்ணைச் சொல்லிக்
கேட்டு வாங்கிக்கொள்ளும் கோப்பு,
கடைசித் துண்டு சேரும்வரை விடாது.
குரலுக்கு அந்த வழக்கம் கிடையாது.
விழுந்தது விழுந்ததுதான்,
அடுத்த சொல் அதை மிதித்துக்கொண்டு வந்துவிடும்.

சட்டென்று வெயில்.
வலப்பக்கம் நடவு முடிந்த வயல்,
மேற்கே மலைமேல் உட்கார்ந்திருக்கிற மேகம்.
திரையில் பச்சை.
படம் முழுசாகப் போய்ச் சேர்ந்திருந்தது,
மூடியைத் தட்டிப் பார்த்தவரின் இடது கண்,
நடுவில் புரை
ஆறிய பாலில் ஆடை போல.

"கேட்டுச்சா?"
எதை என்று அவர் சொல்லவில்லை.

ம் என்று சொல்லியிருக்கலாம்.
வழக்கமாக அதைத்தான் சொல்வேன்.
கோப்பு மாதிரி ஒரு தடவை இருந்து பார்த்தேன்.
"கேக்கல. 'காலைல நான்' வரைக்கும்தான் வந்துச்சு.
அங்கேருந்து மறுபடி சொல்லுங்க."

அரை நொடி.
ஒன்று.
ஒன்றரை.
இது ஆகாயத்தால் வருகிற தாமதம் இல்லை.

ஓட்டத்தில் மட்டுமே சோதிக்க வேண்டிய வண்டியை
மரமில்லாத இடமாகப் பார்த்து
ஓரங்கட்டினார் ஆவுடையப்பன்.